பெண் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகுமா?

6.4.2024 (ஒரு வாசகியின் கேள்வி)

என் மகளுக்கு ஐந்து வயது. ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல் திரும்பி வருகிறது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் மானம் போகிறது. பெண் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது, இப்போதே அடக்காவிட்டால் பிறகு கைக்கு அடங்கமாட்டாள் என்கிறார் மாமியார். எனக்கும் அது சரி என்றே படுகிறது. அடக்கமாக வளர்த்தவர்கள் எப்படி வளர்த்தீர்கள்?

7.4.2024

அடக்காதீர்கள்.

என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். நாலே முக்கால் வயது. மதுரையில் தெப்பக்குளத்துக்குப் பக்கம் வீடு. நான், கணவர், அவருடைய அம்மா, இவள். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கல்வியியல் மாணவர்களுக்கான கையேடு என்று நாள் முழுவதும் பிறர் எழுதியதில் பிழை தேடுவதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் நான் பேசியதில் பிழை தேட ஓர் ஆள் காத்திருக்கிறது.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். "பல் தேய்த்துவிட்டு வா, நிலா மாதிரி தோசை தருகிறேன்" என்றேன். வந்து உட்கார்ந்தாள். கல்லிலிருந்து எடுக்கும்போது தோசை நடுவே கிழிந்துவிட்டது. தட்டில் விழுந்ததைப் பார்த்தாள். "இது நிலா இல்லை" என்றாள். வேறு ஊற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம், இதையே ஒட்ட வேண்டுமாம். மாவைக் கிழிசலில் தடவிக் கல்லில் போட்டு எடுத்தேன். தழும்பு தெரிந்தது. "ஒட்டுப் போட்ட நிலா" என்று அழுகை தொடங்கிவிட்டது. எட்டரைக்கு அச்சகத்தில் இருக்க வேண்டும், மணி எட்டு ஐந்து.

அத்தை வந்து தட்டை வாங்கினார். கிழிந்த இடத்தில் முழுதாகப் பிய்த்து, ஒரு துண்டைத் தட்டின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்தார். "உன் அம்மாவுக்கு ஒரு தோசைதான். உனக்கு இரண்டு" என்றார். அழுகை பட்டென்று நின்றது. விரலை வைத்து இரண்டையும் தொட்டு எண்ணினாள். "உனக்கு எத்தனை அப்பத்தா?" "எனக்கும் ஒன்றுதான்." "பாவம்" என்று ஒரு விள்ளலை அத்தையின் வாயில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தாள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிலா என்று சொன்னது நான். சொன்னது வரவில்லை, கேட்டாள். அதற்குப் பெயர் வாயா?

8.4.2024

"அடக்காதீர்கள்" என்று ஒரே சொல்லில் எழுதியதைத் திருத்துகிறேன். அப்படியானால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெப்பக்குளத்துப் படியில் கையை விடச் சொல்லி அவள் எவ்வளவு வாதாடினாலும் நான் விடுவதில்லை. அடுப்பு, சாலை, தண்ணீர் மூன்றிலும் என் சொல்தான். மற்றதில் பேசட்டும்.

தோசையைப் பற்றி ஒன்று. பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் இதைத்தான் எழுதினார் என்பது கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தபோது தெரிந்தது. ஏறக்குறைய ஏழு வயது வரை, துண்டு கூடினால் பொருளும் கூடிவிட்டதாகவே குழந்தை நினைக்கும். அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஐந்து பிள்ளைகளை வளர்த்ததில் அதை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

13.4.2024

வாயாடி என்ற சொல்லை இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இதே கேள்வியை ஓர் ஆண் பிள்ளை கேட்டால் "பெரிய வக்கீலாக வருவான் பாருங்கள்" என்று மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறோம். என் நாத்தனார் மகனுக்கு இவளைவிட ஆறு மாதம்தான் கூடுதல். இவளைப் போலவே பேசுவான். அவனை ஒருவரும் வாயாடி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்று பஸ்ஸில் நடந்தது. பெரியார் நிலையத்தில் ஏறினோம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து. அதில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் டிக்கெட் கொடுப்பார்கள். எனக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று நடத்துநர் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். இவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

"கண்டக்டர் மாமா, எனக்கு?"

"உனக்கு டிக்கெட் வேண்டாம் தாயி."

"நானும் பெண்தானே?"

அவர் சிரித்துவிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் டிக்கெட் இல்லை என்று விளக்கினார். அந்த விதி 2022இல் வந்தது, அதற்கு முன்பு மூன்று வயது வரைதான். இவள் விடவில்லை. "டிக்கெட் இல்லாமல் ஏறினால் இறக்கிவிடுவார்கள் என்று அம்மா சொன்னாள்." சொன்னேன்தான், போன மாதம், வேறு எதற்கோ. தெப்பக்குளம் வரும் வரை, எந்த நேரமும் இறக்கிவிடுவார்கள் என்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை.

எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. இறங்கியபோது அவள் உள்ளங்கை இரண்டும் வியர்த்துச் சில்லென்று இருந்தன. பயந்துபோயிருக்கிறாள். நான் போகிற போக்கில் சொன்ன ஒன்றை ஒரு மாதம் பத்திரமாக வைத்திருந்து பயந்திருக்கிறாள். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

13.4.2024, இரவு

மேலே உள்ளதோடு சேர்த்துப் படியுங்கள். இரண்டரை மூன்று வயதில் இவள் "போட்டேன்" என்று சொல்லமாட்டாள், "போடினேன்" என்பாள். எடுத்தேன் என்பது "எடுக்கினேன்". கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ மெய்சிலிர்த்தது. த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகள் நான்கு. ஓடினேன், பாடினேன், ஆடினேன் என்று காதில் விழுந்ததிலிருந்து "இன்" என்ற ஒன்றைத் தானே பிரித்தெடுத்து, எல்லா வினையிலும் பொருத்திப் பார்த்திருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. "போடினேன்" என்று வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை, அதனால் அது எங்களைப் பார்த்துச் சொன்னதும் இல்லை. சொல்லில் விதி இருக்கிறது என்று நம்பும் பிள்ளை, சொல்லும் பெரியவர்களிடமும் விதியை எதிர்பார்க்கிறது.

19.4.2024, இரவு

இன்று ஊரில் இரண்டும் ஒன்றாக வந்தன. காலையில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு, மாலையில் மீனாட்சி பட்டாபிஷேகம்.

வாக்குச்சாவடிக்கு இவளையும் கூட்டிப்போனேன். என் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். இவளும் விரலை மேசை மேல் வைத்தாள். "பதினெட்டு வயது ஆகட்டும் பாப்பா, அப்போது வா" என்றார் அங்கிருந்த அலுவலர். இவள் சொன்ன பதில்: "மையை மட்டும் இப்போது வையுங்கள். ஓட்டு அப்புறமாகப் போடுகிறேன்." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது நியாயமான ஏற்பாடு.

வீட்டுக்கு வந்து அவள் அப்பா நீலப் பேனாவால் நகத்தில் கோடு போட்டுவிட்டார். குழாயைத் திறந்து கழுவிப் பார்த்தாள். போய்விட்டது. என் விரலையும் இழுத்துத் தேய்த்தாள். போகவில்லை. "அப்பாவின் மை பொய் மை." உண்மையான மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது, தோலோடு ஒட்டி வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும், மைசூரில் உள்ள அரசு ஆலையில் செய்கிறார்கள், 1962 தேர்தலிலிருந்து அதுதான் என்றெல்லாம் அவர் சொல்லிப் பார்த்தார். அதில் அவள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: கழுவினால் போகாதது உண்மை.

அத்தை தன் பங்குக்கு, "எங்கள் காலத்தில் இருபத்தொரு வயது ஆனால்தான் ஓட்டு" என்றார். சரிதான், 1989இல்தான் பதினெட்டாகக் குறைத்தார்கள். இவள் சிறிது நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த தடவை இன்னும் குறைப்பார்கள்" என்றாள்.

மாலையில் தொலைக்காட்சியில் பட்டாபிஷேகம் பார்த்தோம். வேப்பம்பூ மாலை, கிரீடம், கையில் செங்கோல். "மீனாட்சிக்கு யார் ஓட்டுப் போட்டது?" என்று கேட்டாள். ஓட்டெல்லாம் இல்லை, பாண்டிய ராஜாவுக்கு அவள் ஒரே மகள், அப்பாவுக்குப் பிறகு அவள்தான் ஆட்சி, சித்திரையிலிருந்து நான்கு மாதம் மதுரை அவள் கையில், ஆவணியில்தான் சுவாமிக்குப் போகும் என்று அத்தை சொன்னார். வீட்டில் ஒரே மகள் என்பது மட்டும் நன்றாக ஏறிவிட்டது. உள்ளே போய்த் தோசைக் கரண்டியை எடுத்து வந்தாள். அரிசிப் பானை மூடியை வைத்துப் பார்த்தாள், தலையில் நிற்கவில்லை. கரண்டி மட்டும் போதும் என்று முடிவாயிற்று. நாற்காலியில் ஏறி நின்று முதல் ஆணை: இனி இந்த வீட்டில் கிழிந்த தோசை கிடையாது.

21.4.2024

இதை எழுதும்போதுகூட நிற்காமல் சிரிக்கிறேன்.

இன்று திருக்கல்யாணம். தாலி மாற்றிக்கொள்ள அத்தையும் நானும் புதுச் சரடு மஞ்சளில் நனைத்து வைத்து, குளித்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இவள் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் கல்யாணத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"முருகன் யார் அப்பத்தா?"

"சுவாமிக்கும் அம்மனுக்கும் மகன்."

"யார் கல்யாணம் நடக்கிறது?"

"சுவாமிக்கும் அம்மனுக்கும்."

அதோடு விட்டுவிடுவாள் என்றுதான் இருவரும் நினைத்தோம். மெல்ல என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது. "முருகனை அவன் அம்மா கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். உன் கல்யாணத்துக்கு என்னை ஏன் கூப்பிடவில்லை?"

எங்கள் கல்யாண ஆல்பத்தை அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள். நாத்தனார், கொழுந்தன், சித்தி, ஒன்றுவிட்ட மாமா என்று எல்லோரும் இருக்கிறார்கள், தான் மட்டும் இல்லை என்ற குறை முன்பே உண்டு. "நீ அப்போது பிறக்கவில்லை" என்று சொல்லி இத்தனை நாள் சமாளித்தேன். முருகன் வந்து அந்த வழியை அடைத்துவிட்டான்.

சாமிக்கு எல்லாம் முன்பின் கிடையாது, அவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் கல்யாணம் என்றார் அத்தை. "அப்படியானால் நீங்களும் ஒவ்வோர் ஆண்டும் செய்யுங்கள். அடுத்ததுக்கு நான் வருகிறேன்." அவள் அப்பா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "உங்களுக்குக் கல்யாணம்" என்று அவரிடம் செய்தி சொன்னாள். அதற்குள் அங்கே தாலி ஏறிவிட்டது. எல்லாத் தெருவிலும் குலவை கேட்டது. நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்துச் சரடு மாற்றினோம்.

22.4.2024

திருக்கல்யாண விருந்து சாப்பிட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். நேற்று சேதுபதி பள்ளியில்தான் சாப்பாடு. மொய் எழுதும் இடத்தில் இவளும் பத்து ரூபாய் நீட்டினாள். வரும் வழியில், "மொய் வைத்தால் திருப்பி வைப்பார்களா?" என்றாள். ஆமாம், நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வைப்பார்கள் என்றேன். "அப்படியானால் உன் கல்யாணத்துக்கு மீனாட்சி வருவாள். பத்து ரூபாய் தர வேண்டும்." கல்யாணம் என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

24.4.2024

இரவுப் பணி செய்யும் ஒரு தாய் எழுதியதைப் படித்தேன். "உங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார். தோசையை இரண்டாகப் பிரித்து வைக்க ஓர் ஆள் இருக்கிறது. எனக்கு இல்லை. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்து நிற்கும்போது நிலா, ஒட்டு என்றெல்லாம் கேட்டால் எனக்குப் பொறுமை இருக்காது" என்கிறார்.

அவர் சொல்வது சரி. முதல் குறிப்பில் நான் இதை எழுதவே இல்லை. அன்று காலை அத்தை மட்டும் வந்திருக்காவிட்டால் நான் கத்தியிருப்பேன். பிள்ளையின் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல நேரம் வேண்டும், தூங்கி எழுந்த உடம்பு வேண்டும். அது இரண்டும் இல்லாத தாயிடம் போய் "ரசியுங்கள்" என்று சொல்வது அநியாயம். சகோதரி, உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. "இப்போது முடியவில்லை, சாயங்காலம் கேள், சொல்கிறேன்" என்று நானும் சில நாள் சொல்கிறேன். ஆனால் சாயங்காலம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். மறந்துவிடுவாள் என்று ஒருமுறை இருந்தேன். மறுநாள் காலை பாலோடு சேர்த்துக் கேட்டாள்.

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து, பீய்ச்சிய தண்ணீரில் தலையோடு நனைந்தாள். அண்ணன் வருவதற்குள் தங்கை கல்யாணம் முடிந்துவிட்டது, அதனால் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூருக்குப் போகிறார் என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லும் கதையைச் சொன்னோம். "அவரையும் கூப்பிடவில்லையா!" என்று அழகர் போன திசையையே பார்த்தாள். தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

19.5.2024

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இவ்வளவும் எழுதிவிட்டு இதை மறைத்தால் சரியாகாது.

வியாழக்கிழமை அவளை அடித்துவிட்டேன். முகூர்த்தக் காலம், அச்சகத்தில் வேலை குவிந்து கிடந்தது. ஒரு பத்திரிகையின் கடைசி மெய்ப்பை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். மறுநாள் காலை அச்சேற வேண்டும். குளித்துவிட்டு வந்து பார்த்தால், என் சிவப்புப் பேனாவால் தாள் முழுவதும் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருக்கிறாள். மணமகன் பெயரில் வட்டம், மண்டபத்தின் பெயரில் வட்டம். நான் போட்டிருந்த திருத்தம் எது, அவள் போட்டது எது என்று தெரியவில்லை. முதுகில் ஓர் அடி. ஓசை கேட்டு அத்தை ஓடி வந்தார்.

அவள் அழவில்லை. அடித்த இடத்தில் கையும் வைத்துக்கொள்ளவில்லை. "என் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன்" என்றாள்.

இரவு அவள் தூங்கிய பிறகு தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவள் பெயரில் நான்கு எழுத்து. போன மாதம்தான் எழுதப் பழகினாள். அந்த நான்கு எழுத்தும் பத்திரிகையில் எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் வட்டம். எண்ணினேன், முப்பத்தொன்று. ஒன்றையும் தவறவிடவில்லை.

20.5.2024

"அடியாத மாடு படியாது" என்று பழமொழி எழுதியவருக்கு. அவள் மாடு இல்லை. வேறொன்றும் சொல்ல எனக்கு மனம் இல்லை.

16.6.2024

பள்ளி திறந்து ஒரு வாரம். யூ.கே.ஜி. நாட்குறிப்பில் "வகுப்பில் அதிகம் பேசுகிறாள்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். போய்க் கேட்டேன். ஆசிரியை "எல்லோரும் வாயை மூடுங்கள்" என்றாராம். எல்லாப் பிள்ளைகளும் விரலை வாயில் வைத்திருக்கிறார்கள். இவள் இரண்டு கையாலும் வாயை இறுக மூடிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே பேசிக்கொண்டிருந்தாளாம். கேட்டதற்கு, "வாயை மூடத்தான் சொன்னீர்கள், பேசக் கூடாது என்று சொல்லவில்லை."

சின்ன வயது ஆசிரியை. முதலில் கண்டிப்பாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் அவராலேயே அடக்க முடியவில்லை, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவளிடம் நிதானமாகச் சொன்னேன். டீச்சர் பேசும்போது நாற்பது பேருக்குக் கேட்க வேண்டும், நீ பேசினால் உன் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது என்று. "அதை அவர்கள் சொல்லவே இல்லையே" என்றாள். அதற்குப் பிறகு புகார் இல்லை. காரணம் சொன்னால் கேட்கிறாள் என்று நான் சொல்வது இதைத்தான்.

முதலில் கேள்வி கேட்ட சகோதரியைக் காணோம். உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுதுங்கள்.

21.7.2024

ஐந்து வயது முடிந்துவிட்டது. பட்டுப்பாவாடை, கேக், எல்லாம் இருந்தும் காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு: பஸ்ஸில் போக வேண்டும். எங்கே என்று கேட்டால், எங்கேயாவது.

ஏறியதும் நடத்துநரிடம் "இன்றைக்கு எனக்கு ஐந்து" என்றாள். அதே நடத்துநர் இல்லை, இவர் வேறு. விவரம் தெரியாமல் என்னைப் பார்த்தார். "டிக்கெட் கொடுத்துவிடுங்கள் அண்ணா" என்றேன். கிழித்துக் கொடுத்தார். கைச்சூட்டில் தாள் கசங்கிவிடுமோ என்று கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து வேறு கைக்கு மாற்றினாள். இந்த முறை உட்கார்ந்தாள். சன்னலோரம், காலை நீட்டி. டிக்கெட் இப்போது அவள் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.

8.9.2024

எங்களுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. எட்டு ஆண்டு முடிந்தது. "அடுத்த கல்யாணம் எப்போது?" என்று சித்திரையிலிருந்து வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுவாள். சொன்ன சொல், கேட்ட சொல் இரண்டையும் மறக்காதவளிடம் எத்தனை நாள் ஓட்டுவது?

அச்சக முதலாளியிடம் கேட்டேன். பெரியவர், அவருக்குப் பேத்தி இருக்கிறாள். "ஒரே ஒரு கார்டா?" என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்த மஞ்சள் அட்டையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எங்கள் பழைய பத்திரிகையின் வாசகத்தையே வைத்தேன். நாள், முகூர்த்தம், மண்டபம் எதையும் மாற்றவில்லை. கடைசியில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும். நான்கு எழுத்து, பெரிய அளவில்.

மெய்ப்பை அவளிடம் கொடுத்துத்தான் பார்க்கச் சொன்னேன். சிவப்புப் பேனாவும் கொடுத்தேன். தரையில் குப்புறப் படுத்து, நாக்கின் நுனி வெளியே தெரிய, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்திப் பார்த்தாள். தன் பெயர் வந்ததும் நான்குக்கும் ஒரே பெரிய வட்டம். பிறகு நிமிர்ந்து, "தப்பு இல்லை, அடிக்கலாம்" என்றாள். அச்சகத்தில் எல்லோரும் சொல்லும் அதே தொனி.

அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைப்பார்களே, அதுபோல் மீனாட்சிக்கு என்று கோயிலுக்கு எடுத்துப்போனாள். சன்னிதியில் தூரத்திலிருந்தே காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். ஒன்றுதானே இருக்கிறது, கொடுத்துவிட்டால் நமக்கு இல்லாமல் போய்விடுமாம். அன்று இரவு ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அதை ஒட்டினோம். பசையைத் தடவும்போது, "முருகனைவிட நான் முன்னால் வந்துவிட்டேன்" என்றாள்.

22.9.2024

ஆவணி மூலத் திருவிழா முடிந்து, ஆட்சி சுவாமிக்குப் போய்விட்டது. ஏப்ரலில் அத்தை சொன்னதை நாங்கள் மறந்திருந்தோம், அவள் மறக்கவில்லை. கரண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். "இனிமேல் நீ." அவரும் வாங்கிக்கொண்டார். ஆட்சி என்றால் தோசையும் அவர்தான் சுட வேண்டும் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. முதல் தோசையே மூன்றாகக் கிழிந்தது. "எனக்கு மூன்று!" என்று கத்தினாள். அப்பத்தா கற்றுக்கொடுத்தது இன்னும் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சாப்பிட்டு முடித்துவிட்டு, "மூன்று இல்லை, ஒன்றுதான். அப்பா பாவம் என்று சொன்னேன்" என்றாள். அந்தக் கணக்கு எந்த நாளில் அவளுக்குத் தெளிந்தது? கூடவே இருந்தும் நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

புட்டுத் திருவிழாவுக்குப் புட்டுத்தோப்புக்குப் போயிருந்தோம். வைகையில் வெள்ளம் வந்தது, வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்றான் பாண்டியன், வந்திக்கிழவிக்கு யாரும் இல்லை, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சுவாமியே மண் சுமக்க வந்தார் என்று அத்தை கதை சொன்னார். உதிர்ந்தது சுவாமிக்கு என்று கேட்டதும், தட்டில் இருந்த புட்டைக் கையால் உதிர்த்து உதிர்த்துச் சாப்பிட்டாள். வேலை செய்யாமல் விளையாடினார் என்று ராஜா சுவாமியைப் பிரம்பால் அடித்தான், அந்த அடி ராஜா முதுகிலும் விழுந்தது, ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்தது என்றார். உதிர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, படுக்கும்போது, என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "அன்றைக்கு என்னை அடித்தாயே அம்மா, உனக்கும் விழுந்ததா?"

நான்கு மாதம் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

விழுந்தது என்றேன். எங்கே என்று கேட்டாள். முதுகைக் காட்டினேன். இருட்டில் தடவிப் பார்த்தாள். சிறிது நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு எழுந்து போய் அத்தையை எழுப்பி, "உனக்கும் விழுந்ததா?" என்றாள். அவர் தூக்கத்திலேயே, "விழாமலா? நல்ல அடி" என்றார். அப்பாவும் ஆமாம் என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில், ஏப்ரலில் பார்த்தோமே, அதே நடத்துநர். அவள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "மாமா, மே மாதம் உங்கள் முதுகில் ஓர் அடி விழுந்ததா?" என்று கேட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் சில்லறைப் பையைச் சரிசெய்தபடி, "விழுந்தது தாயி, யார் அடித்தது?" என்றார்.

அவள் என்னைக் காட்டினாள்.